சீட்டுக் காசுக்காக ஒருவரின் அடையாள அட்டையை முகநூலில் போடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருபது பெண்கள் சேர்ந்து மாதம் 25,000 ரூபாய் சீட்டுப் போட்டோம். பிடித்தது நான். நான்காம் சீட்டை எடுத்த ஒருவர் எட்டாம் மாதத்தோடு கட்டுவதை நிறுத்திவிட்டு வீடும் மாறிவிட்டார். அவர் தர வேண்டிய மீதி 3 இலட்சம் ரூபாய் என் தலையில் விழுந்திருக்கிறது. அழைத்தால் எடுப்பதில்லை. அவருடைய படம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, புதிய முகவரி, கணவர் வேலை செய்யும் கடை, மகள் படிக்கும் பாடசாலை எல்லாம் என்னிடம் உண்டு. முகநூலில் போட்டால் என்ன? நான் சொல்வதெல்லாம் உண்மைதானே? என் பெறாமகன் பொறுமையில்லாமல் அடையாள அட்டையைத் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் நேற்றே போட்டுவிட்டான்.
— வாசகி, கொழும்பு 6

பதில்: உங்கள் கோபத்தில் பிழையில்லை. எடுத்தவர் ஓடினாலும் மற்றவர்கள் வந்து நிற்பது சீட்டுப் பிடித்தவர் வீட்டு வாசலில்தான். ஆனாலும் போடாதீர்கள். அந்தப் பெண்மீது இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. நீங்கள் அடுக்கியவற்றில் எதை வெளியிட்டால் காசு வரும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முகவரி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதைப் புதிதாகத் தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் உங்களுக்கு யாரென்றே தெரியாதவர்கள். அவர்களில் ஒருவன் இரவில் போய்க் கதவைத் தட்டினால் அதற்கு யார் பொறுப்பு? அவரும் வாடகைக்குத்தான் இருப்பார். ஆறு மாதத்தில் அவர் மாறிப் போய்விடுவார், பதிவு அங்கேயே நிற்கும், வசவு அடுத்துக் குடிவந்த குடும்பத்துக்குப் போய்ச் சேரும். கணவரின் கடையைப் போட்டு அவருக்கு வேலை போனால், தவணையாகவேனும் வரக்கூடிய காசும் போய்விடும். மகளின் பாடசாலையைப் பற்றி நீட்டிப் பேசவே எனக்கு விருப்பமில்லை. அந்தப் பிள்ளை உங்களிடம் சீட்டு எடுக்கவில்லை.

அடையாள அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது வெறும் இலக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய அட்டையில் எண் 85532 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, 1985. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். ஆகவே 532 என்றால் பெண், 32ஆம் நாள், அதாவது பெப்ரவரி 1. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணிலும் ஆண்டு நான்கு இலக்கமாக நீண்டதைத் தவிர கணக்கு இதேதான். வங்கிக்குத் தொலைபேசியில் பேசினால் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்: அடையாள அட்டை எண், பிறந்த தேதி. இரண்டையும் ஒரே படத்தில் ஊருக்குக் கொடுத்தால், நாளை யாரோ ஒருவன் அந்தப் பெண்ணின் பெயரில் கடன் எடுப்பான். உங்களுக்குக் கிடைக்க வேண்டியதும் அந்தக் கடனைக் கொடுத்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

"உண்மைதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் நம்பியிருப்பது இந்தச் சொல்லைத்தான். இலங்கையில் மானநட்டத்தைக் குற்றமாக்கிய சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரும் வழி இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே நிலைத்த நம் ரோமன் டச்சுச் சட்டத்தில் உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதை வெளியிட்டதில் பொதுநன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். சீட்டுக் கட்டாமல் போனது உங்கள் இருபது பேரின் விடயம். பிள்ளையின் பாடசாலையில் என்ன பொதுநன்மை? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்கூட, பெரிய பொதுநலன் இல்லாதபோது தனிப்பட்ட தகவலைக் கொடுக்க அரச அலுவலகங்கள் மறுக்க இடம் வைத்திருக்கிறது.

2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கோடு அவருடைய தனிப்பட்ட தகவலை வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் பேச்சுரிமையை நெரிக்கிறது என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன். அதற்காக அதை உங்கள்மீது பாவிக்க வழிசெய்து கொடுக்க மாட்டேன். "காசு தராவிட்டால் படத்தைப் போடுவேன்" என்று குறுஞ்செய்தி அனுப்பும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். ஒருவரின் நற்பெயருக்குக் கேடு செய்வேன் என்று பயமுறுத்துவதைத் தண்டனைச் சட்டக்கோவை நெடுங்காலமாகவே குற்றமாக வைத்திருக்கிறது. ஏமாந்த நீங்கள் எதிராளியாகிவிடுவீர்கள்.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் பொலிஸார் தேடப்படுவோர் என்று வெளியிட்ட படங்களில் ஒன்று, தாக்குதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத அமெரிக்க முஸ்லிம் பெண் ஒருவருடையது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்து குவிந்துவிட்டன. விசாரணைப் பிரிவும் ஆவணங்களும் உள்ள ஒரு திணைக்களத்துக்கே அந்தக் கதி. முகநூலில் உங்கள் பதிவைப் பகிர்கிறவர்கள் அதே பெயருள்ள இன்னொரு பெண்ணைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் எங்கே போய்த் தடுப்பீர்கள்?

இதற்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. சீட்டில் இருந்த மற்றப் பதினெட்டுப் பேருக்கும் யார், எந்த மாதம் எடுத்தார், எவ்வளவு கட்டவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். அது அவர்களுடைய கணக்கு. அந்தப் பெண் வேறிடத்தில் புதுச் சீட்டுக்கு ஆள் சேர்ப்பதாகத் தெரிந்தால், சேரப் போகிறவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்வதிலும் தவறில்லை. என் அளவுகோல் இதுதான்: கேட்பவர் தன் காசைக் காப்பாற்றிக்கொள்ள அது தேவையா? பெயரும் நடத்தையும் தேவைப்படும். வீடும் பிள்ளையும் எந்தக் காலத்திலும் தேவைப்படா.

இனிக் காசுக்கு வருவோம். சீட்டுக் கொப்பி, வங்கிச் சீட்டுகள், அவர் "அடுத்த மாதம் தருகிறேன்" என்று எழுதிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அச்சிட்டு வையுங்கள். அந்த அடையாள அட்டைப் பிரதி இங்கேதான் உதவும். முறைப்பாட்டில் இணைக்க வேண்டியது அது. சீட்டுக்கென 1935இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. ஆகவே உங்கள் சீட்டைப் பதிந்திருக்க வேண்டுமா என்று ஒரு சட்டத்தரணியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி இணங்கவைக்கும் மத்தியஸ்த சபை. குறிப்பிட்ட தொகை வரையான பணத் தகராறுகள் நீதிமன்றத்துக்கு முன் அங்கேதான் போக வேண்டும். எந்தச் சபை என்று திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். அழைப்பாணை கண்டதும் தவணைக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். உடன்பாடு வராவிட்டால் சான்றிதழ் தருவார்கள், அதோடு வழக்குக்குப் போகலாம். கட்டவே எண்ணமில்லாமல் ஏமாற்றித்தான் எடுத்தார் என்று காட்ட முடிந்தால் பொலிஸ் முறைப்பாடும் செய்யலாம்.

முதல் வேலையாக, உங்கள் பெறாமகன் போட்ட படத்தை எல்லோருக்கும் அழியும்படி இன்றே அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குச் சற்று மேல் கடந்தால் அவரால் முடியாமல் போகும். அழித்த கையோடு, மீதித் தொகையையும் கொடுக்க வேண்டிய திகதியையும் எழுதி அந்தப் பெண்ணுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், மத்தியஸ்த சபையில் கேட்பார்கள்.