தினமும் தண்ணீர் ஊற்றியும் தெற்கு பிரான்ஸ் தோட்டத்தில் லாவெண்டர் ஏன் கோடையில் பட்டுப்போகிறது?

பெரும்பாலும் அந்தத் தினசரித் தண்ணீர்தான் காரணம். சூடான மண் ஈரமாகவே இருந்தால் ஃபைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரி பெருகி வேரை அழுகவைக்கும். வேர் அழுகிய செடி வாடும். தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், அதோடு முடிந்தது.

மத்தியதரைக் கடலோரத்தில் மழை இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். எனவே அக்டோபர், நவம்பரில் நடுங்கள். கோடைக்குள் வேர் ஆழம் போய்விடும். வசந்தத்தில் நட்டதற்கு அந்த அவகாசம் கிடையாது. தொட்டியில் நாள்பட்டு வேர் சுருண்ட பெரிய செடியைவிடச் சிறு கன்றே மேல். மத்தியதரைக் கடற்பகுதிப் பூப்புதரான சிஸ்டஸுக்கும் இது பொருந்தும்.

குழியில் தொழு உரம் போடாதீர்கள். செடி கொழுத்து வளர்ந்து சீக்கிரம் சாகும். களிமண் என்றால் சரளை கலந்து 30 செ.மீ. மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். மேட்டில் செடியைச் சுற்றி 60 செ.மீ. அகலப் பாத்தி கட்டி, முதல் கோடையில் மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுமார் 20 லிட்டர் விடுங்கள். இடையில் மேல்மண் நன்றாகக் காயட்டும். மூடாக்குக்கு 5 செ.மீ. சரளை போதும், தண்டை ஒட்டி ஈர மட்கு வேண்டாம்.

பூத்தபின் கத்தரிக்கலாம், ஆனால் இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் அநேகமாகத் துளிர்க்காது.