அண்ணனின் சாம்பல் கிளியை நான் வைத்துக்கொள்ளலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது: "என் அண்ணன் 2014இல் நகரத்தில் ஒரு கடையில் ஆப்பிரிக்கன் கிரே கிளி ஒன்றை வாங்கி, ஜயநகரில் தம் வீட்டில் வளர்த்துவருகிறார். குக்கர் விசிலைப் போலவே கத்தும். காலையில் 'காபி ஆச்சா?' என்று அண்ணன் குரலிலேயே கேட்கும். இந்த ஆண்டு இறுதியில் அண்ணனும் அண்ணியும் ஜெர்மனியில் இருக்கும் மகனிடம் போய்த் தங்கப்போகிறார்கள். கிளியை என்னிடம் விட்டுப்போவதாக அண்ணன் சொல்கிறார். அண்ணிக்கோ அதைக் கூடவே கொண்டுபோக ஆசை. இதுவரை எந்தப் பதிவும் செய்யவில்லை. ஆப்பிரிக்கக் காட்டில் குறைந்துவருகிறது என்பதற்காக, கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இங்கே ஏன் தாள்கள் கேட்கிறார்கள்? பக்கத்து வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறார்களே, அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லையே?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் இந்த விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். சட்டப்படி பார்த்தால் அதிக ஆபத்தில் இருப்பவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கிளி ஜோசியக்காரரின் கூண்டில் நாம் பார்த்துப் பழகிய அந்தப் பச்சைக்கிளி இந்த மண்ணின் காட்டுப்பறவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்கி வளர்ப்பதும் குற்றம். தாள் வாங்கிக்கொண்டு வளர்க்கும் வழியே அதற்குக் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அருகிவரும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் அதே பச்சைக்கிளி இடம்பெறவில்லை. கிளி இனங்கள் ஏறக்குறைய அனைத்தையும் சேர்த்துக்கொண்ட அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு பெற்ற நான்கில் அதுவும் ஒன்று. உங்கள் அண்ணனின் சாம்பல் கிளியின் நிலை நேர் எதிரானது: அது நம் காட்டுப் பறவை அல்ல என்பதால் வளர்க்கத் தடையில்லை, ஆனால் ஒப்பந்தத்தின் பட்டியலில், அதுவும் அதன் மிகக் கடுமையான பகுதியில், இருப்பதால் தாள் இல்லாமல் வைத்திருக்க முடியாது.

அந்த ஒப்பந்தத்தைச் சுருக்கமாக சைட்ஸ் என்பார்கள். அருகிவரும் விலங்கு, தாவர இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இல் சேர்ந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தையும் சேர்த்து 185 தரப்புகள் உறுப்பினர்களாக இருக்கின்றன. 40,000க்கும் மேற்பட்ட இனங்கள் அதன் மூன்று பின்னிணைப்புகளில் உள்ளன. முதல் பின்னிணைப்பு மிகக் கடுமையானது. காட்டிலிருந்து பிடித்ததை வணிகத்திற்காக நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது அதில் உள்ள இனங்களுக்கு அறவே கூடாது.

சாம்பல் கிளி முதலில் இரண்டாம் பின்னிணைப்பில்தான் இருந்தது. அனுமதித் தாளுடன் ஏற்றுமதி செய்யலாம் என்ற நிலை. அந்தத் தாளின் மறைவில் சில பத்தாண்டுகளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிளிகள் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து வெளியேறின. கானாவில் ஆய்வு செய்தவர்கள் 1992க்குப் பிறகு அங்கே இந்த இனம் 90 முதல் 99 விழுக்காடு வரை குறைந்துவிட்டதாகக் கண்டார்கள். 2016இல் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய உறுப்பு நாடுகள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வாக்குகளால் அதை முதல் பின்னிணைப்புக்கு மாற்றின. 2017 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் அண்ணன் வாங்கியது 2014இல் என்பதால், வாங்கியபோது இருந்த நிலை வேறு, இப்போது இருக்கும் நிலை வேறு.

கூண்டிலேயே வளர்ந்த கிளியை இதில் ஏன் இழுக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயமானதே. ஆனால் கூண்டில் பிறந்த கிளியையும் காட்டில் பிடித்த கிளியையும் அடுத்தடுத்து உட்கார வைத்தால், என்னாலும் வேறுபடுத்திச் சொல்ல முடியாது, சுங்க அதிகாரியாலும் முடியாது. வேறுபாடு தாளில் மட்டும்தான் இருக்கிறது. தாள் கேட்காத ஊரில் காட்டுக்கிளியைக் 'கூண்டில் பிறந்தது' என்று சொல்லி விற்பது மிக எளிது. இதில் நம் நகரம் ஒன்றும் ஒதுங்கி நிற்கவில்லை: 2023 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு வந்த பயணப் பெட்டிகளைச் சுங்கத்துறையினர் திறந்தபோது 55 பால் பைத்தான் மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் உயிரோடு இருந்தன, ஆறு கபுச்சின் குரங்குகள் செத்துக் கிடந்தன.

ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் தானாக யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. ஒவ்வொரு உறுப்பு நாடும் அதைத் தன் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு சுமத்தும் கடமை. நாம் நெடுங்காலம் சுங்கச் சட்டத்தையும் இறக்குமதிக் கொள்கையையும் வைத்தே சமாளித்துவந்தோம். அதனால் விமான நிலையத்தில் பிடிபட்டால் குற்றம், ஊருக்குள் வந்துவிட்டால் கேட்பாரில்லை என்றிருந்தது. 2022இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம்தான் இந்த ஓட்டையை அடைத்தது. ஒப்பந்தத்தின் இனங்களை நான்காம் அட்டவணையாகச் சட்டத்தில் சேர்த்ததோடு, அவற்றில் உயிருள்ள எந்த விலங்கை வைத்திருப்பவரும் பதிவு செய்ய வேண்டும் என்று 49எம் பிரிவு சொல்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதை 2024 பிப்ரவரி இறுதியில் வந்த விதிகள் விளக்கின. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு, 1,000 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம். அதன்பின் கைக்கு வருபவற்றுக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்.

உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அண்ணனுக்கான ஆறு மாதம் 2024 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. உங்களுக்கான 30 நாளோ இன்னும் தொடங்கவே இல்லை. பலரும் உங்களுக்குச் சொல்லக்கூடிய குறுக்குவழி ஒன்று உண்டு: கிளியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, 'இன்றுதான் கிடைத்தது' என்று உங்கள் பெயரில் விண்ணப்பித்துவிடுங்கள் என்பார்கள். அதைச் செய்யாதீர்கள். யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விக்கு அண்ணன் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும், அவர் பெயரில் பதிவு இல்லை என்பது அந்த வரியிலேயே வெளிப்பட்டுவிடும். பதிவில்லாத கையிலிருந்து வாங்கியவர் என்ற நிலைக்கு நீங்களும் வந்துவிடுவீர்கள். சட்டத்தின் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

என் ஆலோசனை இது: கிளி ஜயநகரிலேயே இருக்கட்டும். முதலில் அண்ணன் தம் பெயரில், தாமதத்துக்கான காரணத்தை ஒளிக்காமல் ஒரு கடிதமாக எழுதி இணைத்து விண்ணப்பிக்கட்டும். பதிவு கிடைத்த பிறகு உங்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கட்டும். அதை நீங்கள் 30 நாளுக்குள் உங்கள் பெயரில் தெரிவியுங்கள். காலக்கெடு கடந்துவிட்டதே என்று பயந்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது, காலம் கடந்து விண்ணப்பிப்பதைவிட எப்போதும் மோசமானது. தாமதமான விண்ணப்பம் என்பதால், அனுப்புமுன் வன உயிரினச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கடிதத்தை ஒருமுறை காட்டிவிடுவதும், மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் உள்ள வனத்துறைத் தலைமையகமான அரண்ய பவனுக்கு நேரில் போய் விவரம் கேட்டுக்கொள்வதும் நல்லது. நேரில் போய்விட்டு வந்தவர்கள் யாரும் அதற்காக வருந்தி நான் பார்த்ததில்லை.

விண்ணப்பத்தின் உயிர் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று, கிளி எப்படி வந்தது என்பதற்கான சான்று. கடை பில் இருந்தால் எடுத்து வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் காட்டிய பில்லில் 'பெட் பேர்ட் - 1' என்று மட்டும் இருந்தது. அதுகூட ஒன்றுமில்லாததற்கு மேல், தேதியையாவது காட்டியது. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதத்துக்குள் அறிவித்தால் தாள் கேட்கமாட்டோம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. அண்ணன் அப்போது ஏதேனும் படிவம் அனுப்பி மறந்திருக்கக்கூடும். அவருடைய பழைய மின்னஞ்சலில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அது கிடைத்தால் உங்கள் வேலை பாதியாகிவிடும். எதுவுமே இல்லையென்றால் ஆண்டு வாரியான பழைய புகைப்படங்கள், கால்நடை மருத்துவரின் சீட்டுகள், அண்ணனின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை வையுங்கள். பின்தேதியிட்ட பில் வாங்கித்தர யாராவது முன்வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, கிளியின் அடையாளம். காலில் உலோக வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது மூட்டுத் தெரியாத முழு வளையமா, அல்லது இடைவெளி விட்டு நெருக்கப்பட்டதா என்று கவனியுங்கள். முழு வளையத்தைக் குஞ்சுப் பருவத்தில், பாதம் சிறியதாக இருக்கும் முதல் சில வாரங்களில் மட்டுமே நுழைக்க முடியும்; ஆகவே அது கூண்டில் பிறந்ததற்கு ஓரளவு சாட்சி சொல்லும். பிளவுள்ள வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம், அதனால் அதன் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. வளையமே இல்லையென்றால், பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் 15 இலக்க மைக்ரோசிப் போட்டுக்கொள்ளலாம். பறவைகளுக்கு அதை மார்புத் தசையில் செலுத்துவார்கள்.

அண்ணியின் ஆசையைப் பற்றி எனக்கு அதிக நம்பிக்கை இல்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் பின்னிணைப்பு உயிரினம் எல்லை தாண்ட இரண்டு அனுமதிகள் வேண்டும், அதுவும் வரிசை மாறாமல். ஜெர்மனியில் பான் நகரிலுள்ள கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம் முதலில் இறக்குமதி அனுமதி தர வேண்டும். அதைக் காட்டினால்தான் இங்கே மத்திய அரசின் சைட்ஸ் மேலாண்மை அதிகார அமைப்பு ஏற்றுமதி அனுமதியைப் பரிசீலிக்கும். ஏற்றுமதி அனுமதி ஆறு மாதத்துக்கு மட்டுமே செல்லும். சட்டப்படி பெறப்பட்டது என்று நம் அதிகாரிகள் திருப்தியடைய வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை, ஆக மறுபடியும் பதிவுக்கே வந்து நிற்கிறோம். குடிபெயரும்போது வீட்டுப் பொருளாகக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 338/97 ஒழுங்குமுறையில் அந்தச் சலுகை உயிரற்ற பொருள்களுக்கு மட்டுமே உண்டு. இதற்கு மேல் பறவைக் காய்ச்சலுக்கான சுகாதார விதிகள் தனி. மகன் அங்கிருந்தபடியே பான் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதில் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதிலை எதிர்பார்த்து இங்கே பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜெரிகருக்கும், காக்கடீலுக்கும் இந்தப் பதிவு தேவையில்லை. உண்மையான லவ் பேர்ட் இனங்களில் பீச் ஃபேஸ்டு ஒன்றுக்கு மட்டுமே விலக்கு. ஃபிஷர் இனத்துக்கும், இப்போது பலர் விரும்பி வாங்கும் சன் கோனியருக்கும் பதிவு வேண்டும்.

வாசகரே, பயணத் தேதியை நீங்கள் எழுதவில்லை. எந்தத் தேதியானாலும், அடுத்த முறை ஜயநகர் போகும்போது கிளிக்கு ஒரு கொய்யாத் துண்டைக் கொடுத்துவிட்டு, அது ஒற்றைக் காலைத் தூக்கிப் பிடித்துத் தின்னும் நேரத்தில் செல்போன் டார்ச்சைப் போட்டு இரண்டு கால்களையும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் இருந்து, அதில் உள்ள எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரிந்தால், விண்ணப்பத்தில் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் அதுதான்.