ஏஇசட்-104 எழுதப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஏஇசட்-104 என்பது மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸ்யூரை நிர்வகிப்பவர்களுக்கான அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வு. அதைப் பற்றி வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீடியோ மட்டும் பார்த்து இதை எழுதப் போகாதீர்கள். அஸ்யூரின் இணையப் பக்கமான போர்ட்டலைத் திறந்து கையால் செய்து பார்த்தவர்களுக்கென்றே வைத்த தேர்வு இது.

கேள்வி: அண்ணா, நான் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருக்கிறேன். அடிப்படைத் தேர்வான ஏஇசட்-900 எழுதாமல் நேராக 104-க்குப் போகலாமா?

போகலாம் தம்பி. 900 கட்டாயம் இல்லை. அதற்கான இலவசப் பாடங்கள் மைக்ரோசாஃப்ட் லேர்ன் என்ற அவர்களுடைய இணையதளத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்தால் போதும், தேர்வுக் கட்டணத்தை 104-க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரி, டிஎன்எஸ், போர்ட் எல்லாம் உங்கள் வேலையிலேயே புழங்குபவை. அது பெரிய பலம்.

கேள்வி: எந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்?

அடையாளமும் நிர்வாகமும் 20–25 சதவீதம், கம்ப்யூட் (விர்ச்சுவல் மெஷின் போன்றவை) 20–25, ஸ்டோரேஜ் 15–20, நெட்வொர்க் 15–20, கண்காணிப்பும் பேக்கப்பும் 10–15. பாடத்திட்டத் தாளில் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் நெட்வொர்க்கை வெறும் 20 சதவீதமாக எண்ணாதீர்கள். விர்ச்சுவல் மெஷின் கேள்விக்குள்ளும் அது வரும், ஸ்டோரேஜ் கேள்விக்குள்ளும் பிரைவேட் எண்ட்பாயின்ட் (உள் நெட்வொர்க் வழியாகவே சேவையை அணுகும் இணைப்பு) என்று வந்து நிற்கும். என்னைக் கேட்டால் படிக்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை நெட்வொர்க்குக்குக் கொடுங்கள் என்பேன்.

கேள்வி: சப்நெட் (நெட்வொர்க்கைப் பிரித்த சிறு பகுதி) கணக்கு தலைக்கு ஏறவே மாட்டேன் என்கிறது சார். 30 மெஷினுக்கு /27 போதும் என்று போட்டேன், பயிற்சித் தேர்வில் தவறு என்கிறது.

உங்கள் கணக்கு பழைய பாடப்புத்தகப்படி சரி. /27-இல் 32 முகவரிகள், இரண்டைக் கழித்தால் 30. ஆனால் அஸ்யூர் ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்: முதல் நான்கு, கடைசி ஒன்று. ஆக /27-இல் மிஞ்சுவது 27. உங்களுக்கு /26 வேண்டும். அதில் 59 கிடைக்கும். /24 என்றால் 251, /29 என்றால் வெறும் மூன்று. /29-ஐ விடக் குறைந்த முகவரிகளோடு சப்நெட் போடவே முடியாது. இந்த ஐந்தை மறக்காவிட்டால் இந்த வகைக் கேள்விகள் எல்லாம் உங்களுக்கு இலவச மதிப்பெண்.

கேள்வி: என்எஸ்ஜியில் (போக்குவரத்தை அனுமதிக்கும், தடுக்கும் விதிகளின் தொகுப்பு) ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டேன். ஆனாலும் ரிமோட் டெஸ்க்டாப் வரவில்லை. ஏன்?

எந்த என்எஸ்ஜியில் திறந்தீர்கள்? நெட்வொர்க் கார்டிலும் ஒன்று இருக்கலாம், சப்நெட்டிலும் ஒன்று இருக்கலாம். வெளியிலிருந்து வரும் போக்குவரத்து முதலில் சப்நெட்டில் உள்ளதைத் தாண்ட வேண்டும், அப்புறம் கார்டில் உள்ளதை. இரண்டும் அனுமதித்தால்தான் மெஷினுக்குள் போகும். நீங்கள் கார்டில் 300 என்ற முன்னுரிமையில் அனுமதி போட்டிருப்பீர்கள். சப்நெட்டில் உள்ள என்எஸ்ஜியில் நீங்கள் எழுதிய விதி எதுவும் இருக்காது. அப்போது அங்கே 65500 என்ற இயல்பு விதி வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் தடுத்துவிடும். எண் சிறியதாக இருக்கிற விதிதான் முதலில் பார்க்கப்படும், பொருந்தியதும் அங்கேயே நின்றுவிடும். அஸ்யூரின் சோதனைக் கருவியான நெட்வொர்க் வாட்ச்சரில் ஐபி ஃப்ளோ வெரிஃபை என்று ஒன்று உண்டு. எந்த விதி தடுத்தது என்று பெயரோடு காட்டும். ஒருமுறை வேண்டுமென்றே தவறாக அமைத்து, அதை வைத்துக் கண்டுபிடித்துப் பாருங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று: ஏ, பி, சி என்று மூன்று விர்ச்சுவல் நெட்வொர்க்குகளில் ஏ–பி இடையே பீரிங் (நேரடி இணைப்பு), பி–சி இடையே பீரிங் என்றால், ஏ-யிலிருந்து சி-க்குத் தானாகப் போக முடியாது. இதை விதவிதமாகக் கேட்பார்கள்.

கேள்வி: பயிற்சி செய்யப் போய் கார்டில் பணம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். புதுக் கணக்கில் முதல் 30 நாளுக்கு 200 டாலர் கிரெடிட் தருகிறார்கள். அது தீர்ந்தால், நீங்களாகக் கட்டணக் கணக்குக்கு மாறாத வரை பணம் எடுக்க மாட்டார்கள். மாறிய பிறகுதான் கவனம் வேண்டும். விண்டோஸுக்குள் போய் ஷட் டவுன் கொடுத்தால் மெஷின் நின்றதுபோல் தெரியும், ஆனால் கம்ப்யூட் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். போர்ட்டலில் ஸ்டாப் கொடுத்து, நிலை ‘டீஅலோகேட்டட்’ (ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டது) என்று மாறினால்தான் அது நிற்கும். அப்போதும் டிஸ்க்குக்குக் காசு உண்டு. பாஸ்டியன் (மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் சேவை), விபிஎன் கேட்வே (வெளி நெட்வொர்க்கை இணைப்பது) எல்லாம் பயன்படுத்தாவிட்டாலும் மணிக்கணக்கில் ஏறும். பட்ஜெட் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது எச்சரிக்கை மட்டும்தான் அனுப்பும், எதையும் தானாக நிறுத்தாது. அன்றன்றைய பயிற்சியைத் தனி ரிசோர்ஸ் குரூப்பில் (உருவாக்கியவற்றை ஒன்றாக வைக்கும் தொகுப்பு) செய்துவிட்டு, முடிந்ததும் குரூப்போடு அழித்துவிடுங்கள்.

கேள்வி: கான்ட்ரிப்யூட்டர் ரோல் இருந்தும் இன்னொருவருக்கு அனுமதி கொடுக்க முடியவில்லையே?

முடியாது. கான்ட்ரிப்யூட்டர் உருவாக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம்; பிறருக்கு ரோல் வழங்க முடியாது. அதற்கு ஓனர் அல்லது யூசர் ஆக்சஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போன்ற ரோல் வேண்டும். அதே போல, மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ராவில் குளோபல் அட்மின் என்பதாலேயே சப்ஸ்கிரிப்ஷனுக்குள் உள்ளவற்றை ஆள முடியாது. என்ட்ரா ரோலும் அஸ்யூர் ரோலும் வேறு வேறு. அழிப்பதைத் தடுக்கும் டெலீட் லாக் இருந்தால் ஓனரே ஆனாலும், லாக்கை எடுக்காமல் அழிக்க முடியாது.

கேள்வி: டம்ப்ஸ் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி–விடைகள்) படித்தால் பாஸ் ஆகிவிடலாம் என்கிறார்களே?

வேண்டாம். விதிமீறல் என்று சான்றிதழையே ரத்து செய்ய முடியும். விடைகளும் பல இடங்களில் தவறு. மைக்ரோசாஃப்ட் லேர்னிலேயே இலவசப் பயிற்சித் தேர்வு இருக்கிறது, விளக்கத்தோடு.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் படிக்க வரும். நேரம் போதுமா?

தேர்வுக்கு 100 நிமிடம். தமிழில் எழுத வழியில்லை. ஆனால் தேர்வு நம் மொழியில் இல்லாதபோது 30 நிமிடம் கூடுதலாகக் கேட்க வழி உண்டு. தேதி பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 2023 முதல் தேர்வின்போதே மைக்ரோசாஃப்ட் லேர்ன் பக்கங்களைத் திறந்து பார்க்கவும் விடுகிறார்கள். அதற்காகக் கடிகாரம் நிற்காது. ஆகவே எண், வரம்பு போன்ற சின்ன விஷயங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. எதையும் விடாமல் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சூழலை வைத்து ‘இந்தத் தீர்வு சரியா?’ என்று ஆம்–இல்லை கேள்விகள் வரிசையாக வரும். அவற்றுக்குத் திரும்பிப் போக முடியாது.

தேர்ச்சிக்கு 1000-க்கு 700 வேண்டும். இதை 70 சதவீதக் கேள்விகள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கணக்கு அப்படி இல்லை.

கேள்வி: வீட்டிலிருந்து எழுதலாமா, சென்டருக்குப் போகவா?

பக்கத்தில் சென்டர் இருந்தால் அங்கேயே போங்கள். வீட்டில் என்றால் மேசை காலியாக இருக்க வேண்டும், அறையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், யாரும் உள்ளே வரக்கூடாது. வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் இருந்தால் அதற்கும் எச்சரிப்பார்கள். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்ற கவலை வேறு.

கேள்வி: ஃபெயில் ஆகிவிட்டால்?

24 மணி நேரம் கழித்து மறுபடி எழுதலாம். அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 14 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதத்தில் மொத்தம் ஐந்து முறை. கட்டணம் ஒவ்வொரு தடவையும் உண்டு. மதிப்பெண் அறிக்கையில் எந்தப் பகுதி பலவீனம் என்று பட்டையாகக் காட்டுவார்கள். அதைப் பார்க்காமல் மறுநாளே போய் உட்காராதீர்கள்.

கேள்வி: சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லுமாமே, ஒவ்வொரு வருடமும் பணம் கட்டவா?

தேவையில்லை. காலாவதி ஆவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்கலாம், கண்காணிப்பாளர் கிடையாது. தேதியைத் தவற விட்டால் மட்டும் முழுத் தேர்வையும் மறுபடி பணம் கட்டி எழுத வேண்டியிருக்கும். பாஸ் ஆன அன்றே போனில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.