பட்ஜெட் ஏர்லைனில் விமானி வேலை: கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: வணிக விமானி உரிமம் எடுத்து ஒன்றரை ஆண்டாகிறது. குறைந்த கட்டண நிறுவனம் ஒன்று ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) வேலைக்கு அழைத்திருக்கிறது. மாதச் சம்பளம் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சித் தகுதி) செலவு என் தலையில், ஐந்து ஆண்டு பாண்ட் (அதற்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) வேறு. 'பிழிந்து எடுத்துவிடுவார்கள்' என்கிறார்கள் சீனியர்கள். சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் அந்த மாதச் சம்பளம் எந்தக் கணக்கில் வந்தது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெரும்பாலும் அதில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று, மாறாத அடிப்படைச் சம்பளம். இன்னொன்று, பறந்த மணிக்கோ செக்டாருக்கோ (ஒரு புறப்பாடு முதல் ஒரு தரையிறக்கம் வரையிலான பயணம்) தரும் படி. உங்களிடம் சொன்ன தொகை நிறையப் பறந்த மாதத்தின் தொகையா என்று கேளுங்கள்.

மணிக் கணக்கு என்றால் அநேகமாக பிளாக் நேரம்தான். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரை. ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். நான்கு செக்டார், ஒவ்வொன்றும் 1 மணி 20 நிமிடம். கூட்டினால் 5 மணி 20 நிமிடம். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே ரிப்போர்ட் செய்திருப்பீர்கள். நடுவில் மூன்று முறை அரைமணி நேரம் தரையில். கடைசியில் பேப்பர் வேலைக்கு இன்னொரு அரைமணி. ஆக, பணியில் இருந்தது 8 மணி 20 நிமிடம். பணம் வருவது 5 மணி 20 நிமிடத்துக்கு.

அந்த அரைமணி ஓய்வும் அல்ல. விமானத்தைத் தரையில் நிற்கவிடாமல் ஓட்டுவதில்தான் இந்த நிறுவனங்களின் பிழைப்பே இருக்கிறது. பயணிகள் இறங்கி ஏறுவதற்குள் ஒருவர் கீழே போய் விமானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் அடுத்த பாதையை கம்ப்யூட்டரில் ஏற்றி, எரிபொருள், எடை, வானிலை எல்லாம் சரிபார்க்க வேண்டும். சாப்பாடு மேலே போன பிறகுதான். எனவே விமானம் தாமதமானால், பறக்காத நேரத்துக்கு ஏதாவது தருவார்களா என்று கேளுங்கள். ஸ்டாண்ட்பைக்கு (கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் நேரம்) பணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சீசன். ஐரோப்பிய விதிப்படி 28 நாளில் 100 மணி நேரமும், ஒரு காலண்டர் ஆண்டில் 900 மணி நேரமும்தான் பறக்கலாம். 900-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் 75 மணி. கோடையில் 100-ஐ நெருங்கினால் குளிர்காலத்தில் 75-க்கும் கீழே இறங்கத்தான் வேண்டும். வங்கிக் கடன் தவணை சீசன் பார்க்காது. எனவே மாதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கான பணம் நிச்சயம் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், வெறும் அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் ஓடுமா என்று கணக்குப் போடுங்கள்.

விதியில் உள்ள உச்ச வரம்பு பாதுகாப்புக்கான கடைசிக் கோடு. அதையே ரோஸ்டருக்கு (மாதப் பணிப் பட்டியல்) இலக்காக வைக்கும் நிறுவனம் எனக்கு உடன்பாடில்லை. பொதுவாக 13 மணி நேரம் வரை ஒரு பணி நீளலாம். செக்டார் கூடக் கூட அது குறையும். ஆனால் தொடர்ந்து நான்கு நாள் அதிகாலை மூன்றரைக்கு எழுந்தவரின் களைப்பு அந்த எண்ணில் தெரியாது. களைப்பு என்று சொல்லி அன்றைய பணியிலிருந்து விலகிக்கொண்ட விமானிக்கு அங்கே என்ன ஆகிறது என்று உள்ளே இருப்பவர்களிடம் விசாரியுங்கள்.

பேஸ் (உங்கள் பணி தொடங்கி முடியும் ஊர்) விஷயத்தையும் லேசாக விடாதீர்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே ஒரு பிராந்திய விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி தொலைவில் உள்ள சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் வேறு விமானங்களில் பயணித்து, பேஸுக்கு வந்து அன்றைய பணியைத் தொடங்கியிருந்தார். குறைந்த சம்பளமும் களைப்பும் அப்போது பெரிய விவாதமாயின. அந்நாட்டின் பணிநேர விதிகளே திருத்தப்பட்டு 2014-இல் அமலுக்கு வந்தன. பேஸ் உள்ள ஊரில் குடியிருக்க உங்கள் சம்பளம் போதுமா? பேஸை மாற்ற எத்தனை நாள் முன்னறிவிப்பு?

பாண்டைப் பொறுத்தவரை, மாதாமாதம் தொகை குறைய வேண்டும். நிறுவனமே ஆட்குறைப்பு செய்தாலோ மருத்துவச் சான்று போனாலோ நீங்கள் கட்டக் கூடாது. டைப் ரேட்டிங் முடிந்ததும் லைன் டிரெய்னிங் (பயணிகள் விமானத்தில் பயிற்சியாளரோடு பறக்கும் பயிற்சி) உண்டு என்பதும் எழுத்தில் வேண்டும். பயணிகளோடு பறந்து அனுபவ மணி நேரம் சேர்க்க உங்களிடமே காசு வாங்கும் திட்டமாக இருந்தால் மறுத்துவிடுங்கள். ஏஜென்சி வழியாக 'சுயதொழில்' விமானியாகச் சேர்ப்பதும் ஆபத்து. உடம்பு முடியாத நாளில் வருமானம் இல்லையென்றால் ஜலதோஷத்தோடு பறக்கத் தோன்றும்; இறங்கும்போது காது அடைத்து செவிப்பறை கிழியவும் வாய்ப்புண்டு.

சீனியர்கள் சொல்லாத நல்லதும் இருக்கிறது. பல நிறுவனங்களில் பெரும்பாலான நாள் இரவு சொந்தக் கட்டிலில் தூங்கலாம். டேக் ஆஃப், லேண்டிங் அனுபவம் வேகமாகச் சேரும். நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்தால் கேப்டன் பதவியும் சீக்கிரம் வரும். நிலைமையும் மாறாமல் இல்லை. விமானிகளுக்கு விடுப்பு ஒதுக்குவதில் குழம்பி 2017 செப்டம்பரில் ஐரோப்பாவின் குறைந்த கட்டண நிறுவனமான ரயன்ஏர் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. அதுவரை தொழிற்சங்கங்களை ஏற்க மறுத்துவந்த அந்த நிறுவனம், அதே டிசம்பரில் விமானிகள் சங்கங்களை அங்கீகரிக்கச் சம்மதித்தது. உங்கள் நிறுவனத்தில் சங்க ஒப்பந்தம் இருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள்.

பதில் தர அவகாசம் வாங்கிக்கொண்டு, அதே பேஸில் உள்ள ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசரிடம் போன கோடையின் ஒரு மாத ரோஸ்டரும் குளிர்காலத்தின் ஒரு மாத ரோஸ்டரும், அந்தந்த மாதச் சம்பளச் சீட்டோடு காட்டச் சொல்லிக் கேளுங்கள்.