உறுத்தல் நின்றுவிட்டதே, இனியும் வைத்தியசாலை வேண்டுமா?

கேள்வி: நேற்று மாலை என் கணவர் உளியைச் சுத்தியலால் அடித்தபோது கண்ணில் ஏதோ தெறித்தது. சற்று நேரம் கண்ணீர் வழிந்து அடங்கிவிட்டது. இன்று பார்வை தெளிவாக இருக்கிறதாம். மாமி தாய்ப்பால் விடச் சொல்கிறார். வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டுமா? – வாசகி, சாவகச்சேரி

பதில்: போகத்தான் வேண்டும், இப்போதே. மிகுதியை அவர் சட்டை மாற்றும் நேரத்தில் வாசியுங்கள்.

உறுத்தல் நின்றதுதான் எனக்குப் பயம் தருகிறது. தூசி கருவிழியின் மேலே கிடந்தால் இமை மூடும்போதெல்லாம் உரசும், ஆளைத் தூங்கவிடாது. சுத்தியல் அடியில் பறக்கும் இரும்புத் துணுக்கோ, சுமார் அரை மில்லிமீட்டர் தடிப்பே உள்ள அந்தப் படலத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். துளை தானாகவே ஒட்டிக்கொள்ளும். வெளியே உரச எதுவுமில்லை, நோவும் இல்லை. உள்ளே கிடக்கும் இரும்பு மெல்லக் கறள் பிடித்து, மாதக்கணக்கில் விழித்திரையைக் கெடுக்கும். கிருமியும் கூடப் போயிருந்தால் ஓரிரு நாட்களிலேயே கண் சீழ் பிடிக்கலாம்.

கருவிழியின் நடுவே தெரியும் கறுப்பு வட்டமான கண்மணி ஒரு பக்கம் இழுபட்டுக் கூர்ந்திருந்தால் கண் துளைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். வட்டமாகவே இருந்தாலும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

தாய்ப்பால் வேண்டாம். நந்தியாவட்டைச் சாறும் வேண்டாம், கடைத் துளிமருந்தும் வேண்டாம். சுண்ணாம்பு பட்டால் கிணற்றடிக்கு ஓடி 15 நிமிடமாவது கழுவ வேண்டும்; துளைபட்ட கண்ணைக் கழுவக்கூடாது, கசக்கக்கூடாது. துணி வைத்து இறுக்கிக் கட்டினாலும் உள்ளிருப்பது துளை வழியே பிதுங்கும். யோகட் கோப்பை ஒன்றைக் கழுவித் துடைத்து, விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் தங்கும்படி கவிழ்த்து, பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். கண்ணை எதுவும் தொடக்கூடாது, அவ்வளவுதான். கருக்குமட்டைச் சிராய் குத்தி நின்றாலும் பிடுங்காதீர்கள். கோப்பையின் அடியை வெட்டி அது வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள்.

சாப்பாடு, தேநீர் எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், இலவசம்.

அங்கே வெறுமனே 'கண் நோகிறது' என்று சொன்னால் வரிசையில் இருத்திவிடுவார்கள். 'இரும்பில் இரும்பு அடித்தபோது தெறித்தது' என்று முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரே அல்லது சீடி ஸ்கேன் எடுத்துத் தேடுவார்கள். எம்ஆர்ஐ மட்டும் ஆகாது. அதன் காந்தம் துணுக்கை உள்ளேயே நகர்த்திவிடும். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டார் என்பதையும் கேட்பார்கள்.

அந்த உளியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடி வாங்கி வாங்கித் தலை காளான்போல் விரிந்திருந்தால், பெரும்பாலும் அதன் ஓரம்தான் உடைந்து பறந்திருக்கும். புதிதாக மின்னும் வெட்டு ஒன்று தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். எவ்வளவு பெரிய துண்டைத் தேட வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடும்.