பிள்ளைகளின் பாராதைராய்டு: வாசகர் கேள்விகள்

அம்பத்தூர் வாசகி: என் ஒன்பது வயது மகளுக்குப் பி.டி.எச். (கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி, இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்தச் சுரக்கும் ஹார்மோன்) 110, அதிகம் என்கிறார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

கால்சியம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதே நாளில் எடுத்த கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி ஆகிய நான்கும் இல்லாமல் பி.டி.எச். அளவை மட்டும் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது? கால்சியம் குறைவாகவோ இயல்பாகவோ இருந்து, வைட்டமின் டி 10க்குக் கீழே இருந்தால், சுரப்பி தன் வேலையைத்தான் செய்கிறது. குறைபாட்டைச் சரிசெய்தால் சில மாதங்களில் பி.டி.எச். தானாக இறங்கும்.

மடிப்பாக்கம் வாசகர்: மகனுக்குக் கால்சியம், பி.டி.எச். இரண்டும் அதிகம். பாலை நிறுத்திவிட்டோம், சரிதானே?

சரியல்ல. பாலை நிறுத்தினால் சுரப்பி இன்னும் முடுக்கிவிடப்படும். வயதுக்கேற்ற அளவு கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

பெரம்பூர் வாசகி: கால்வலிக்காக மகனுக்கு இரண்டு முறை வைட்டமின் டி ஊசி போட்டோம். இப்போது வாந்தி, மலச்சிக்கல், கால்சியம் மிக அதிகமாக 13. பாராதைராய்டில் கட்டியா?

முதலில், இந்தப் பதிலுக்குக் காத்திராமல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ அவனை உடனே கொண்டு செல்லுங்கள். கட்டியானால் பி.டி.எச். உயர்ந்திருக்கும்; ஊசியின் விளைவானால் அது அடங்கிக் கிடக்கும். உங்கள் மகனுக்கு இரண்டாவதுதான் நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். கால்வலி என்று வரும் பிள்ளைக்கெல்லாம் இரத்தப் பரிசோதனை எதுவுமின்றி 6 லட்சம் யூனிட்டை ஒரே ஊசியில் ஏற்றி, மாதம் கழித்து இன்னொன்றையும் ஏற்றும் வழக்கம் ஏன் இன்னும் ஒழியவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அந்த வைட்டமின் உடற்கொழுப்பில் தேங்கி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கால்சியத்தை உயர்த்திக்கொண்டே இருக்கும். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. உண்மையான குறைபாட்டுக்கு நாள்தோறும் சில ஆயிரம் யூனிட் வீதம் மூன்று மாதம் வாய்வழியாகக் கொடுத்தால் போதும்.

தாம்பரம் வாசகர்: மகளுக்குக் கால்சியம் 11, அதுவும் பி.டி.எச்.சும் சற்றே அதிகம், ஸ்கேனில் கட்டி இல்லை. ஆனாலும் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். எனக்கும் பல ஆண்டுகளாகக் கால்சியம் 11தான்.

உங்கள் கடைசி வரிதான் முக்கியம். தேதியைத் தள்ளிவைத்து, 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பாருங்கள். அது மிகக் குறைவாக இருந்தால், இது பரம்பரையாக வரும், பெரும்பாலும் தீங்கற்ற நிலை, கத்தி வேண்டியதில்லை. அதிகமாக இருந்தால் குடும்பத்தோடு மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வேளச்சேரி வாசகி: பாராதைராய்டுக் கட்டியை அகற்றி மூன்று நாளாகிறது. மகளுக்கு உதடும் விரல்களும் மரத்துப்போகின்றன.

எலும்பு கால்சியத்தை வேகமாக உறிஞ்சுகிறது; அதனால் இரத்தத்தில் அது குறைந்து மரத்துப்போகிறது. எனக்கு எழுதுவதை விட்டுவிட்டு, அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை இந்த நிமிடமே அழையுங்கள்.