கூரைக்குக் கொடுக்கும் காசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாரி நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை பழைய வீட்டுக் கூரை பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

எங்களுடையது அப்பப்பா காலத்து நாற்சார் வீடு (நடுவில் முற்றம், நாலு பக்கமும் கூரை). முற்றத்துப் பக்கம் இரண்டு மூலைகளில் ஒழுகுகிறது. பார்க்க வந்த கொந்தராத்துக்காரர், "ஓடு பழசு, முழுதாகக் கழற்றிச் சீற் (கூரைத் தகடு) போடுவம்" என்கிறார். செய்யலாமா? (வாசகி, நல்லூர்)

இப்போதைக்கு வேண்டாம். ஒழுகுவது மூலையில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாற்சார் வீட்டில் இரண்டு கூரைகள் சந்திக்கும் அந்தப் பள்ளத்தால்தான் தண்ணீர் திரண்டு இறங்கும். அடியில் கிடக்கும் தகரம் உக்கியிருக்கும். இல்லையென்றால் வேப்பிலையும் மாவிலையும் அடைத்து, தண்ணீர் ஓட்டுக்கு அடியால் புகுந்திருக்கும். பள்ளத்தின் இரு பக்கத்து ஓடுகளை மட்டும் கழற்றித் தகரத்தை மாற்றினால் போதும். அது சில நாள் வேலை. முழுக் கூரையும் மாற்றுவது உங்கள் சேமிப்பையே கேட்கும்.

அதற்கு முன் நல்ல வெயில் நேரத்தில் உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடத்தில் ஓடு விலகியிருக்கிறது. மரத்தில் தண்ணீர்க் கறை எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். தண்ணீர் ஓட்டைத் தாங்கும் சிலாகை வழியே ஓடித் தள்ளிப் போய்த்தான் சொட்டும், ஆகவே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பெரும்பாலும் பிழை இருக்காது. பிறகு கைமரங்களையும் சிலாகைகளையும் ஆணியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கறையான் அல்லது உக்கல். பல இடத்தில் இறங்கினால், அல்லது முகடு தொய்ந்திருந்தால், அப்போது முழுக் கூரை பற்றிக் கதைக்கலாம்.

சீற் தான் என்று முடிவெடுத்தாலும் ஒன்று கேட்டு வையுங்கள். ஒரு ஓடு இரண்டு, மூன்று கிலோ வரும், அந்தப் பாரம்தான் இத்தனை காலமும் கூரையைக் காற்றில் கிளம்பாமல் வைத்திருந்தது. சீற்றுக்கு அந்தப் பாரம் இல்லை. மரச்சட்டத்தைச் சுவரோடு எப்படிப் பிணைக்கப் போகிறார் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

ஓட்டுக்கு மேல் அடித்தால் ஒழுக்கு நிற்கும் என்று ஒரு பெயின்ற் விற்கிறார்கள். வாங்கலாமா? (கோண்டாவில்)

வாங்க வேண்டாம். வெடித்த ஓட்டையும் விலகிய ஓட்டையும் பெயின்ற் சரியாக்காது.

காரைநகர். கடற்கரைக்குக் கிட்ட வீடு. வாங்கிய சீற் அதற்குள் துருப்பிடித்துவிட்டது. கடைக்காரர் "உப்புக் காற்று, நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார். பில் எடுக்கவில்லை. எத்தனை மில்லிமீற்றர் என்றும் தெரியாது.

ஐயா, பில் இல்லை, தடிப்பும் தெரியாது என்றால் எதை வைத்து நான் உங்களுக்காக வாதாடுவது? ஒரு கிலோ மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சீற்றில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இனி வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். தடிப்பு பெயின்ற்றோடு சேர்த்தா, பெயின்ற் இல்லாமலா என்று கேளுங்கள். 0.47 மில்லிமீற்றர் என்று சொல்வது எந்த அளவு என்பது பில்லில் எழுதப்பட வேண்டும். கடலோரம் என்று முதலே சொல்லி, உத்தரவாதம் அங்கேயும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் சீற்றில் துரு எங்கே தொடங்கியது என்றும் பாருங்கள். வெட்டிய ஓரத்திலும் ஆணித் துளையைச் சுற்றியும் என்றால் பிழை பூட்டியவரிடமும் இருக்கலாம். கிரைண்டரால் வெட்டினால் சூடான இரும்புப் பொறி சீற்றில் ஒட்டித் துருவுக்கு வழி விடும். நாகமும் (துத்தநாகம்) அலுமினியமும் பூசிய சீற்றில் ஈரச் சீமெந்து பட்டாலும் பூச்சு அரிக்கும். சுவரோரம் சீமெந்து பூசி மூடுகிற எங்கள் ஊர்ப் பழக்கம் இந்தச் சீற்றுகளுக்குச் சரிவராது.

சோளகத்தில் (தென்மேல் காற்றில்) மாங்கொப்பு முறிந்து ஐம்பது, அறுபது ஓடு உடைந்துவிட்டது. பழைய இந்திய ஓடு. இப்போது கிடைக்குமா, புது ஓட்டைக் கலந்து போடலாமா? (அளவெட்டி)

கலந்தால் பொருந்தாது. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின் அந்தக் கரையில் பலர் அதே மாதிரி ஓடு செய்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் கவ்வும் பள்ளமும் நீளமும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை கொஞ்சம் மாறும். ஓட்டின் முதுகைத் திருப்பினால் செய்தவர் பெயரோ முத்திரையோ இருக்கும். அதே முத்திரை உள்ள பழைய ஓட்டைத் தேடுங்கள்.

எங்கள் வீட்டுக் குசினிக்குப் பழைய ஓடு வாங்கியபோது விற்றவர் அடுக்கின் மேல் வரிசையில் ஒரே முத்திரை ஓட்டை வைத்து, கீழே வேறு மூன்று விதம் கலந்து அனுப்பினார். அடுத்த மாரி முழுதும் அடுப்படியில் வாளி வைத்துத்தான் சமைத்தோம். ஆகவே அடுக்கைக் கலைத்துப் பார்த்து எடுங்கள். விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே வெடிப்பு.

கிடைக்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள். வீட்டின் பின்பக்கக் கூரையில் உள்ள உங்கள் நல்ல ஓடுகளை எடுத்து முன்னுக்குப் போடுங்கள். பின்பக்கத்தை ஒரு முழுச் சரிவாகப் புது ஓட்டால் வேயுங்கள். ஒரே சரிவில் இரண்டு சாதி வேண்டாம்.

நான் தனியாக இருக்கிறேன். அரைவாசிக் காசு முற்பணமாக வாங்கியவர் கூரையைக் கழற்றினார். "கழிவு" என்று ஓட்டையும் பனைமரங்களையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் போனார். பிறகு வரவில்லை. தொலைபேசியும் எடுப்பதில்லை. மழை தொடங்கப் போகிறது. (சாவகச்சேரி)

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. முதலில் நல்ல தறப்பாள் வாங்கிச் சுவர்களின் தலைப்பை மூடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் மழை இறங்கினால் நட்டம் இரட்டிக்கும். அப்புறம் கிராம அலுவலருக்குச் சொல்லிவிட்டு, பொலிசில் முறைப்பாடு எழுதுங்கள். காசை மட்டுமல்ல, ஓட்டையும் மரத்தையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். அவை உங்கள் சொத்து. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே நாள் கடத்த வேண்டாம். அவர் சமரசத்துக்கு வந்தால் மத்தியஸ்த சபையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

இந்தக் "கழிவு" என்ற சொல்லைப் பற்றி நான் நெடுநாளாகக் கோபத்தோடு இருக்கிறேன். முற்றிய பனையின் வைரத்தில் அறுத்த மரம் கழிவல்ல. கறுப்பு வரி நெருக்கமாக ஓடும் அப்படிப்பட்ட மரத்தை இன்று புதிதாக வாங்கப் போனால் தெரியும். பனை தறிக்க அனுமதி வேண்டும். கிடைக்கிற மரத்திலும் இளசு கலந்து வருகிறது, இளம் பனையில் கறையான் ஏறும். இடப்பெயர்வில் வீட்டை விட்டுப் போய்த் திரும்பியவர்கள் சுவர் மட்டும் நிற்கக் கண்டார்கள். ஓடும் மரமும் போயிருந்தன. ஷெல்லுக்கும் களவுக்கும் தப்பி நின்ற கூரைகளை இப்போது நாங்களே ஏற்றி அனுப்புகிறோம். ஏற்றிப் போகிறவர் அதை எறிவதில்லை. அடுத்த ஊரில் "பழைய வைரப் பனை" என்று விற்கிறார். கழற்றும் கூலியையும் உங்களிடம் வாங்கிக்கொண்டு, சரக்கையும் கொண்டு போகிறார்.

கூரை வேலை கொடுக்கிற எல்லாரும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்: கழற்றும் ஓடும் மரமும் வீட்டுக்காரருடையவை, வளவுக்குள்ளேயே அடுக்கி வைக்கப்படும். அவர் எடுக்க விரும்பினால் விலை பேசி மொத்தக் கணக்கில் கழிக்கட்டும். இந்த வரியை எழுதச் சொன்னதும் முகம் மாறுகிறவரை அனுப்பிவிடுங்கள்.

ரொறன்ரோவில் இருக்கிறேன். ஊர் வீட்டுக் கூரைக்கு முழுக் காசும் அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் நன்றாக இருந்தது. இப்போது ஒழுகுகிறதாம்.

தம்பி, படத்தில் ஒழுக்கு தெரியாது. சாமான் வாங்க ஒரு பங்கு, மரவேலை முடிய ஒரு பங்கு, வேய்ந்த பின் ஒரு பங்கு, கடைசிப் பங்கு முதல் பெருமழை கழிந்த பிறகு. உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் மழையில் உள்ளே நின்று பார்த்த பிறகுதான் அந்தக் கடைசிக் காசு போக வேண்டும். முழுதையும் முதலே கொடுத்துவிட்டால் திரும்ப வந்து திருத்த அவருக்கு என்ன தேவை?

பழைய அஸ்பெஸ்டஸ் சீற் வெடித்துவிட்டது. நல்ல பாதியை வெட்டிக் கோழிக்கூட்டுக்குப் போடலாமா? (மானிப்பாய்)

வெட்ட வேண்டாம். உடைக்கவும், காய்ந்த நிலையில் துளை போடவும், பாசியைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம். அந்தத் தூசியில் வரும் நார் நுரையீரலில் தங்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடையில் விற்கிறார்களே என்பது சமாதானமல்ல. இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு எடுத்த முடிவு, 2017 டிசம்பரில் எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியதும் கைவிடப்பட்டது. அது வியாபாரக் கணக்கு, உங்கள் பிள்ளைகளின் நெஞ்சைப் பார்த்து எடுத்த முடிவல்ல. சீற்றை நனைத்து, ஆணியைக் கழற்றி முழுதாக இறக்கி, பொலித்தீனில் சுற்றி வையுங்கள். எங்கே போடுவது என்று பிரதேச சபையில் கேளுங்கள். இறக்குகிறவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

கூரை வேலைக்கு எந்த மாதம் நல்லது? (பருத்தித்துறை)

ஆனியில் தொடங்கி ஆவணிக்குள் முடியுங்கள். சோளகம் பலமாக இருக்கும், ஆகவே பூட்டாத சீற்றை இரவில் மேலே விட வேண்டாம். ஐப்பசியில் கூரையைத் திறக்கச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். 2008இல் நிஷா புயல் வந்ததும் 2020இல் புரெவி புயல் வந்ததும் கார்த்திகை நடுப்பகுதியில்தான்.